மற்றவை

விடியற்காலை நாலு பத்துக்குத் தொலைபேசி.
கிளாக்ஸ்விக் மீன் குளிரகத்திலிருந்து ரன்வா.
"மூடு என்றால் மூடவில்லை,
சேமி என்றால் சேமிக்கவில்லை,
ஐந்து நாற்பதுக்குக் கப்பல்."

தோர்ஷவ்னில் என் சமையலறையில்
ஒற்றைக் காலுறையோடு நிற்கிறேன் நான்.
அவளுக்கு அது தெரிய வேண்டியதில்லை.
தொலைபேசியில் எல்லோரும் முழு உடையில்தான் இருக்கிறோம்.

செய்யக் கூடாததை முதலில் சொன்னேன்:
மின்கம்பியைப் பிடுங்காதே.
பிறகு, திரையைக் கைபேசியில் படமெடு.
நூற்றுப் பன்னிரண்டு பெட்டி காட் மீன்,
எடை, தொகுதி எண், வலை விழுந்த கடற்கட்டம்,
அத்தனையும் இந்த நேரத்தில்
அந்த வெளிச்சத்தில் மட்டும்தான் இருக்கின்றன.
மூன்று முறை எடுத்தாள்.
கை நடுங்குகிறது என்றாள்.
குளிர், என்று உடனே சேர்த்துக்கொண்டாள்.

வேறு பெயரில் சேமித்துப் பார்.
"என்ன பெயர் வைக்க?"
எதையாவது வை, பிள்ளைக்கா பெயர் வைக்கிறோம்.
சிரிக்கவில்லை.
வளையம் சுற்றுகிறதாம்,
சுற்றிக்கொண்டே இருக்கிறதாம்,
பதில் சொல்ல மனமில்லாதவர் கரண்டியால்
தேநீரைக் கலக்கிக்கொண்டிருப்பதுபோல.

வட்டில் இடம்? பாதிக்கு மேல் காலி.
அனுமதி? நேற்று வரை இருந்தது.
மடிக்கணினியைத் திறந்து
குளிரகத்தின் சர்வருக்குள் நுழைந்தேன்.

அங்கே கிடைத்தது.
பொதுக் கணக்கேடு: பூட்டப்பட்டுள்ளது.
பிடித்திருப்பவர்: ட்ரொண்டூர்.
நேற்று மாலை ஆறு ஐம்பத்திரண்டிலிருந்து.

பெயரைச் சொன்னதும்
மறுமுனையில் குளிர்ப்பெட்டிகளின் உறுமல் மட்டும்.

யார் அவர்?
"மாடியில் இருக்கிறான். இரவு ஷிஃப்ட்."
அப்படியானால் போய் மூடச் சொல்.
"நவம்பரிலிருந்து பேசுவதில்லை."

நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள்.
முப்பது கிலோ குறைந்தது.
தராசு தப்பு என்றாள் இவள்.
தராசு பொய் சொல்லாது என்றான் அவன்.
அவ்வளவுதான். விடாக்கண்டனுக்குக் கொடாக்கண்டன்,
ஒரே கட்டடம், இரண்டு மாடி, ஐந்து மாதம்.

இங்கிருந்தே அவன் பிடியை நான் அறுத்துவிடலாம்.
ஒரு சொடுக்கு.
ஆனால் அறுத்தால்
அவன் எழுதி இன்னும் சேமிக்காதது போய்விடும்.
என்ன எழுதியிருக்கிறான் என்று பார்த்தேன்.
பார்த்திருக்கக் கூடாது.
அவன் திறந்து வைத்திருந்தது
இன்றைய பக்கம் இல்லை.
நவம்பர். நாற்பத்தொன்றாம் வரி.
எடைக் கட்டத்தில் பழைய எண் அழிக்கப்பட்டு,
புதியது எழுதப்படாமல்,
இரவு முழுக்க அங்கே கர்சர் துடித்திருக்கிறது.

இதை அவளிடம் சொல்லவில்லை.
வழியில்லை, நீதான் போக வேண்டும் என்றேன்.
கணினிக்காரன் சொல்லும் பொய்களில்
இது மிகச் சிறியது.

ரிசீவரை மேசையில் வைத்தாள்.
இரும்புப் படிகள்.
எண்ணினேன்: ஒன்பதில் ஒரு நிற்பு,
பிறகு மூன்று, பிறகு எதுவும் இல்லை.
கடற்காகம் ஒன்று கத்தியது.
என் கெட்டிலும் கத்தியது, அணைத்தேன்.
நாலு முப்பத்தாறு. நாலு நாற்பத்தொன்று.
நாலு நாற்பத்தேழு.

படிகள் திரும்பி வந்தன. நான்கு கால்கள்.
தூரத்தில் ஓர் ஆணின் குரல்,
"எந்தத் திரை?"
நாற்காலி இழுபடும் சத்தம்.
அதற்குப் பின் சற்று நேரம்
யாரும் யாரோடும் பேசவில்லை.
ஆனால் அது வேறு மாதிரியான பேசாமை.

"சேமித்துவிட்டது," என்றாள் ரன்வா.
நூற்றுப் பன்னிரண்டும்?
"நூற்றுப் பன்னிரண்டும். அப்புறம்…"
அப்புறத்தைச் சொல்லாமலே வைத்துவிட்டாள்.

இப்போது என் முறை.
புகாரை மூடக் காரணம் எழுத வேண்டும்.
பட்டியல் நீட்டுகிறது:
வட்டு, வலை, அனுமதி, பயனர் பிழை.
மாடிப்படி என்று தட்டினேன்.
ஏற்கவில்லை; மூடவும் விடவில்லை.
கடைசியில், 'மற்றவை' என்று தேர்ந்தெடுத்தேன்.

முதல் சொடுக்கிலேயே சேமித்துக்கொண்டது.
வெளியே போய் இன்னொரு காலுறையைத் தேடினேன்.